ஓட்டை போடுவதற்கு முன்

ஆ கியோங் நாளை வருவார்.
வந்துவிட்டால் பேச்சுக்கு இடமில்லை.
மூன்றரை அங்குல வட்ட ரம்பம்
பிளாஸ்டர் சீலிங்கைத் தின்னத் தொடங்கிவிடும்.
தப்பான இடத்தில் விழுந்த ஓட்டையை
ஒட்டுப் போட்டால் ஒட்டுத்தான் தெரியும்.

அதனால் இன்று வெள்ளி, இரவு பத்து மணிக்கு,
பகாவ் சந்தைக்குப் பின்வரிசை வீட்டில்
கூரை சாப்பாட்டு மேசைமேல் கிடக்கிறது:
மின்சார பில்லின் முதுகில்
நான் போட்ட கட்டங்கள்.
விளக்குக்குப் பதில் வறுத்த கொண்டைக்கடலை.

ஹாலில் பன்னிரண்டு வைக்கிறார் நவநீதன்.
எதிர்வீட்டு ரசாலி எட்டுதான் போட்டிருக்கிறார்.
"பன்னிரண்டு இருந்தால் ஊசி விழுந்தாலும் தெரியும்."
ஊசியை எடுத்து இங்கே யார் தைக்கிறார்கள்?
நாலைத் தின்றுவிட்டேன்.

சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வை.
விளக்குக்கு விளக்கு நாலடி.
காற்றாடி இறக்கைக்கு மேலே ஒன்றும் வேண்டாம்,
வைத்தால் வீடே கண் சிமிட்டிக்கொண்டிருக்கும்.
சீலிங்கை நாலு அங்குலம் இறக்கினால்
அலமாரிக் கதவு திறக்குமா?
அளந்தேன். திறக்கும், உரசிக்கொண்டு.

சமையலறைக் கட்டத்தில் அவர் கை வைக்கக் கூடாது.
பதினோரு வருடம்
என் முதுகுக்குப் பின்னால் எரிந்தது ஒற்றைக் குழல் விளக்கு.
நான் நறுக்கிய அத்தனை வெங்காயமும்
என் தலையின் நிழலில் நறுக்கியவை.
இடது ஆள்காட்டி விரலில் இருக்கும் வெள்ளைக் கோடு
அந்த விளக்கு போட்ட கையெழுத்து.

மேல் அலமாரிக்கு அடியில் பட்டை விளக்கு.
டார்ச்சைப் பிடித்துப் பார்த்தாயிற்று:
சுவரோரம் வைத்தால் டைல் பல்லிளிக்கிறது.
முன் விளிம்பில் வைத்தால்
பலகை மட்டும் வெளுக்கிறது,
கெம்போங் மீனின் செதில்கள் தனித்தனியே எண்ணலாம்.
மூவாயிரம் கெல்வினில் எல்லாமே மஞ்சள் பூசிக்கொள்ளும்,
ஆறாயிரத்து ஐந்நூறு, பல் பிடுங்கும் இடம்.
நாலாயிரத்தில்தான்
கீரை கீரையாக இருக்கிறது.

"டிரைவரை எங்கே ஒளித்து வைப்பது?" என்றேன்.
பட்டை விளக்கோடு வரும் அந்தச் சின்னப் பெட்டியைச் சொன்னேன்.
இருபது வருடம் செம்பனைக் குலை லோரி ஓட்டியவர்
சிரிப்பார் என்று நினைத்தேன்.

அவர் குனிந்திருந்தார்.
படுக்கையறையிலிருந்து குளியலறை வரை
வரிசையாக ஆறு கடலை.
அந்த நடைவழி மொத்தம் ஒன்பதடி.
விரலால் கோட்டைத் தடவித் தடவித்தான் வைத்திருக்கிறார்.
ஆறாவது கடலை
சுவருக்கு வெளியே, வெறும் தாளில்,
பக்கத்து வீட்டில் கிடந்தது.

மூன்று மாதத்தில் இரண்டு முறை
லோரியின் இடப்பக்கக் கண்ணாடி உடைந்தது.
மில்லுக்குப் போகும் மண் சடக்கில்
புகைமூட்டம் என்றார்.
இந்த வருடம் புகை இன்னும் வரவில்லை.
இனிப்பு நீர் மாத்திரையை
வெள்ளை எது, இளமஞ்சள் எது என்று
விளையாட்டாகக் கேட்பதுபோல் கேட்டதும்
இப்போது நினைவுக்கு வருகிறது.

நகக்கண்ணால் தள்ளி
அந்தக் கடலையை வீட்டுக்குள் சேர்த்தேன்.
நடைவழி, ஆறு, என்று எழுதினேன்.
காரணம் கேட்டு ஆ கியோங் தலையைச் சொறிவார்.
சொறியட்டும்.

"லோரி சாவி எங்கே?"
எப்போதும்போல அலமாரியடி ஆணியில்தான்.
அவர் கை டைல் சுவரில் ஊர்ந்து
சீனி டப்பாவைத் தொட்டு, திரும்பி,
அடுப்பருகே நின்றது.

எழுந்து போய்ச் சாவியைக் கழற்றி
என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.
மேசைக்கு வந்து
சமையலறை வாசலில் இன்னொரு கடலை வைத்தேன்.
"ஏழு" என்றேன்.
"ஏழு" என்றார்,
எண்ணிப் பார்க்காமல்.